ஆறு மாதம் வரை பொறுத்துப் பார்க்கலாமா?

கேள்வி: என் மகன் பிறந்து 7 வாரங்கள் ஆகின்றன. நிறைமாதக் குழந்தைதான். ஆனால் பிறந்த மறுநாளே கிருமித்தொற்று என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் 8 நாட்கள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் காதில் சிறு முனை ஒன்றைச் செருகிக் கேட்புத்திறனைச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் ‘ரெஃபர்’ என்று வந்தது. ஐந்தாவது வாரம் அதே சோதனையை மறுபடி செய்தபோது வலது காது ‘பாஸ்’, இடது காது ‘ரெஃபர்’. விரிவான சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கதவை அடித்துச் சாத்தினால் குழந்தை திடுக்கிட்டு விழிக்கிறான். “நன்றாகத்தான் கேட்கிறது, பச்சைப் பிள்ளையை அலைக்கழிக்காதே, ஆறு மாதம் போகட்டும்” என்கிறார் என் மாமியார். என் கணவரும் மூன்று வயதில்தான் பேசினாராம். பொறுத்துப் பார்க்கலாமா? கர்ப்ப காலத்தில் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் இருந்தது. அதனால் வந்த வினையா இது? மூத்தவளுக்கு 4 வயது. அவளையும் சோதிக்க வேண்டுமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பொறுத்துப் பார்க்க வேண்டாம். விரிவான சோதனைக்கு இந்த வாரமே நாள் வாங்கிவிடுங்கள். குழந்தைக்கு 3 மாதம் நிறைவதற்குள் முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டும். உங்கள் மகனுக்குக் காது கேட்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. முதற்கட்டச் சோதனையில் ‘ரெஃபர்’ ஆகும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நிரந்தரக் குறைபாடு இருப்பதில்லை. ஆனால் உங்கள் மகன் எந்தப் பக்கம் என்பதை வீட்டிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கேட்பியல் நிபுணராக என்னாலும் இந்தக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. சோதனைதான் சொல்லும்.

காதில் முனை செருகிச் செய்த அந்தச் சோதனைக்கு ஓ.ஏ.இ. என்று பெயர். உள்காதில் காக்ளியா என்ற சுருள் உறுப்பு இருக்கிறது. அதிலுள்ள மயிரிழைச் செல்கள் வெளியிலிருந்து வரும் ஒலியை வாங்கிக்கொள்வதோடு, பதிலுக்கு மிக மெல்லிய ஒலி ஒன்றையும் வெளியே அனுப்புகின்றன. லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த டேவிட் கெம்ப் 1978-இல் இதை உலகுக்குச் சொன்னார். அந்த மெல்லிய ஒலியை நுண்ணிய மைக்ரோபோனால் பிடிப்பதுதான் சோதனை. பதில் ஒலி கிடைத்தால் ‘பாஸ்’, கிடைக்காவிட்டால் ‘ரெஃபர்’. பிறந்த ஓரிரு நாட்களில் காதுக்குழாயில் வெண்ணிற மாவுப்படலம் அடைத்திருக்கலாம், நடுக்காதில் கருப்பை நீர் தங்கியிருக்கலாம். அப்போது காது நன்றாக இருந்தாலும் ஒலி உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. அதனால்தான் முதல் முடிவைக் கண்டு யாரும் கலங்க வேண்டாம் என்கிறோம். ஆனால் ஐந்தாவது வாரத்திலும் ஒரு காதில் பதில் வரவில்லை என்றால் ‘பிறந்தபோது தங்கிய நீர்’ என்று சொல்லித் தள்ளிப்போடுவதற்கு இனி இடமில்லை. இன்னமும் நீர்தான் காரணம் என்றாலும், அதையும் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இடது காது அல்ல. வலது காது ‘பாஸ்’ என்பதை நம்பி அந்தக் காதை எல்லோரும் மறந்துவிடக்கூடும் என்பதுதான் என் கவலை. தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாட்களுக்கு மேல் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது. அது காக்ளியாவரைதான் பார்க்கும். காக்ளியாவிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு வழி சரியாக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. மயிரிழைச் செல்கள் நன்றாக வேலை செய்து, நரம்பு மட்டும் ஒலியை ஒழுங்காகக் கொண்டுசெல்லாத குறைபாடு ஒன்று உண்டு. அது தீவிர சிகிச்சையில் இருந்து மீண்ட குழந்தைகளிடம்தான் அதிகம் காணப்படுகிறது. அந்தக் குழந்தைகள் ஓ.ஏ.இ.-இல் அழகாகத் தேறிவிடுவார்கள். ஏ.பி.ஆர். என்ற மூளைத்தண்டு மறுமொழிச் சோதனைதான் அவர்களைக் கண்டுபிடிக்கும். ஆகவே போகும் இடத்தில் “இரண்டு காதுக்கும் ஏ.பி.ஆர். செய்யுங்கள், குழந்தை 8 நாள் தீவிர சிகிச்சையில் இருந்தான்” என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். “இன்னொரு முறை ஓ.ஏ.இ. எடுத்துப் பார்ப்போம்” என்று யாராவது சொன்னால், பணிவாக ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். என்றாவது ஒருநாள் ‘பாஸ்’ வரும் என்று மறுபடி மறுபடி முதற்கட்டச் சோதனையையே செய்துகொண்டிருப்பதில் மாதங்கள் ஓடிவிடும்.

மருத்துவமனை தந்த விடுப்புச் சுருக்கத்தை எடுத்து ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். கிருமித்தொற்றுக்கு ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற, காதைப் பாதிக்கக்கூடிய மருந்து கொடுக்கப்பட்டதா, எத்தனை நாள்? மஞ்சள் காமாலைக்காக ரத்தம் மாற்றினார்களா? முதுகுத் தண்டுநீர் எடுத்துப் பார்த்தார்களா, மூளைக்காய்ச்சல் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? மூளைக்காய்ச்சல் என்ற சொல் அதில் இருந்தால் 3 மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். நாளைக்கே போய்க் காட்டுங்கள். அந்த நோய்க்குப் பின் காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிடலாம். பிற்பாடு காக்ளியர் இம்ப்ளான்ட் (காக்ளியாவுக்குள் மின்முனைகளை வைத்துக் கேட்பு நரம்பைத் தூண்டும் கருவி) தேவைப்பட்டால் மின்முனைகளைச் செலுத்த வழியில்லாமல் போய்விடும். மேலே சொன்ன மருந்துகளைக் கொடுத்ததற்காக மருத்துவர்களை நோக வேண்டியதில்லை. உயிரைக் காத்த மருந்துகள் அவை. காதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டிய பொறுப்பு அதனால் நமக்கு வருகிறது, அவ்வளவுதான்.

இனி உங்கள் மாமியாரின் வாதத்துக்கு வருகிறேன். அவர் சொல்வது குழந்தை மீதுள்ள பாசத்தால். அவர் கண்ணால் கண்டதும் பொய்யல்ல. குழந்தை திடுக்கிடத்தான் செய்கிறான். ஆனால் கதவு அடித்துச் சாத்தும் ஓசை மிகப் பலமானது. அதன் அதிர்வு தரை வழியாகவும் கட்டில் வழியாகவும் உடம்புக்கு எட்டும், காற்றின் வீச்சும் முகத்தில் படும். ஒரு காது நன்றாக இருந்தாலே குழந்தை திடுக்கிடுவான். இரண்டு காதிலும் மிதமான குறைபாடு இருந்தாலும் அவ்வளவு பெரிய ஓசைக்குத் திடுக்கிடுவான். பேச்சைக் கற்றுக்கொள்ள இது உதவாது. ச, ஃப, த போன்ற மெல்லிய, உயர்ந்த சுருதியுள்ள ஒலிகள் காதில் தெளிவாக விழுந்தாக வேண்டும். தாழ்ந்த சுருதி நன்றாகக் கேட்டு, உயர்ந்த சுருதி மட்டும் கேட்காத குழந்தைகள் கூப்பிட்டால் திரும்புவார்கள், பாட்டுக்குச் சிரிப்பார்கள். வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் எழாது. கை தட்டியும் கிலுகிலுப்பை ஆட்டியும் பச்சிளங்குழந்தைகளைச் சோதிக்க முற்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1960-களில் அமெரிக்காவில் மேரியன் டவுன்ஸ் போன்ற முன்னோடிகள் பெருமுயற்சி எடுத்துக் குழந்தைகளின் அசைவைப் பார்த்துச் சோதித்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் பார்த்தபோதே அந்த முறை நம்பத்தக்கதாக அமையவில்லை. பிறகுதான் கருவிகள் வந்தன. ஆகவே வீட்டில் பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கும் சோதனையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். திரும்பினால் வீண் நிம்மதி, திரும்பாவிட்டால் வீண் அழுகை.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். அடுத்த சில வாரங்களில் அவன் ‘ங்கா’ என்று குரல் கொடுக்கத் தொடங்குவான். “பேச்சு வந்துவிட்டது பார்” என்று வீடே மகிழும். காது அறவே கேட்காத குழந்தைகளும் முதல் சில மாதங்கள் அப்படிக் குரல் கொடுப்பார்கள். ‘பா-பா-பா’, ‘மா-மா-மா’ என்று அசைகளை அடுக்கும் பருவத்தில்தான் வித்தியாசம் தெரியத் தொடங்கும். அதற்குள் அரை ஆண்டு ஓடியிருக்கும்.

அந்த அரை ஆண்டில் என்ன போய்விடும் என்று கேட்கலாம். போவது கேட்புத்திறன் மட்டுமல்ல. குழந்தையின் மூளையில் மொழிக்கான பாதைகள் இந்த மாதங்களில்தான் வேகமாக அமைகின்றன. கருவில் இருக்கும்போதே, ஏறத்தாழப் பாதிக் கர்ப்பத்துக்குப் பின், குழந்தை ஒலியை உணரத் தொடங்கிவிடுகிறது. பிறந்த சில நாட்களிலேயே தாயின் குரலை மற்றவர் குரலிலிருந்து பிரித்தறிகிறது. இந்த வரத்து நின்றுபோனால் அந்த இடம் காலியாகக் காத்திருக்காது. மூளை அதை வேறு வேலைகளுக்குக் கொடுத்துவிடும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோவும் அவருடைய குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையையே மாற்றியது. கேட்புக் குறைபாடுள்ள 150 குழந்தைகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். 6 மாத வயதுக்குள் குறைபாடு கண்டறியப்பட்டவர்கள் 72 பேர், அதற்குப் பின் கண்டறியப்பட்டவர்கள் 78 பேர். முன்னதாகக் கண்டறிந்து உதவி தொடங்கப்பட்டவர்களின் மொழித்திறன் தெளிவாக மேலோங்கியிருந்தது. குறைபாடு லேசானதா கடுமையானதா, குடும்பம் வசதியானதா இல்லையா, பேச்சுமொழியில் வளர்கிறார்களா சைகைமொழியில் வளர்கிறார்களா என்ற வேறுபாடுகளைத் தாண்டியும் அந்த முடிவு நின்றது.

இத்தகைய அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 1-3-6 என்று நாங்கள் சொல்லும் கணக்கு. 1 மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிசெய்யும் சோதனை, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். இதையும் சுருக்கி, முடிந்த இடங்களில் 1-2-3 மாதம் என்று ஆக்கலாம் என்று அமெரிக்காவின் குழந்தைகள் செவிப்புலன் கூட்டுக்குழு 2019-இல் சொன்னது. உங்கள் மாமியார் சோதனைக்குப் போகலாம் என்று சொல்லும் அந்த ஆறாம் மாதத்தில், குறைபாடு இருக்குமானால், குழந்தை ஏற்கெனவே கருவி அணிந்து பழகியிருக்க வேண்டும்.

தாமதத்துக்கு நடைமுறையில் ஒரு விலையும் உண்டு. ஏ.பி.ஆர். எடுக்கும்போது குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். இப்போது உங்கள் மகன் பால் குடித்தால் தானாகத் தூங்குவான். மருந்து எதுவும் வேண்டாம். ஐந்தாறு மாதம் ஆனபின் அவ்வளவு ஆழ்ந்து தூங்க மாட்டான். அப்போது மயக்கமருந்து கொடுத்துச் சோதிக்க வேண்டிவரலாம். பச்சைப் பிள்ளையை அலைக்கழிக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் இப்போதே போவதுதான் நல்லது.

வலிக்குமா என்றும் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஊசியில்லை, வலியில்லை. நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் சிறு மின்முனைகளை ஒட்டுவார்கள். காதில் மென்மையான முனை வழியாக ஒலி கொடுத்து, அதற்குக் கேட்பு நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின்னசைவைக் கணினி பதிவு செய்யும். அன்று காலை நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எண்ணெயோ கிரீமோ பவுடரோ பூசாதீர்கள், முனை ஒட்டாது. வரும் வழியில் குழந்தையைத் தூங்கவிடாதீர்கள். வண்டியின் ஆட்டத்தில் தூங்கி, சோதனை அறையில் கண்ணைத் திறந்துகொண்டு சிரிக்கும் குழந்தைகளால் எத்தனையோ சோதனைகள் பாதியில் நின்றிருக்கின்றன. கொஞ்சம் பசியோடும் தூக்கத்தோடும் கொண்டுவந்து, அங்கேயே பால் கொடுத்து, உங்கள் மடியிலேயே தூங்கவையுங்கள். மாற்றுத் துணி, போர்வை எல்லாம் இருக்கட்டும். ஓரிரு மணி நேரம் ஆகும். குழந்தை விழித்துக்கொண்டால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அப்படி நேர்ந்தால் அங்கிருந்து கிளம்பும் முன்பே அடுத்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். “பிறகு போன் செய்கிறோம்” என்பதோடு திரும்பாதீர்கள். முதற்கட்டச் சோதனைக்கும் உறுதிசெய்யும் சோதனைக்கும் நடுவில்தான் உலகெங்கும் குழந்தைகள் அதிகமாகத் தவறிப்போகிறார்கள்.

மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் உட்கார்ந்து நீங்கள் சொல்லிக் கேட்பதைவிட, பேரன் மடியில் தூங்க, திரையில் அலைகள் வருவதையும் வராததையும் அவரே பார்ப்பது பல வாதங்களை முடித்துவைக்கும். மூன்று வயதில் பேசிய மகனைக் கண்ட அனுபவம் அவருக்கு இருக்கிறது. தாமதமாகப் பேசிப் பின்னர் தேறியவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர்களைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். தேறாமல் போனவர்களைப் பற்றிக் குடும்பங்களில் பேச்சு எழுவதில்லை. சிறுவயதிலேயே காது மந்தமானவர்கள் உங்கள் இரு குடும்பத்திலும் யாராவது உண்டா என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். அந்தத் தகவல் எங்களுக்குத் தேவைப்படும்.

முடிவு எப்படியும் இருக்கலாம். நடுக்காதில் நீர் மட்டும் என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் பார்த்துக்கொள்வார்; பெரும்பாலும் வடிந்துவிடும், ஆனால் வடிந்ததை மறுசோதனை செய்துதான் நம்ப வேண்டும். இடது காதில் மட்டும் நிரந்தரக் குறைபாடு என்றால், “ஒரு காது போதும்” என்று விட்டுவிடாதீர்கள். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறியவும், இரைச்சலான வகுப்பறையில் ஆசிரியர் பேசுவதைப் பிரித்துக் கேட்கவும் இரண்டு காதும் வேண்டும். வலது காது பின்னாளில் மங்குகிறதா என்பதையும் கவனித்து வர வேண்டும்.

இரண்டு காதிலும் நிரந்தரக் குறைபாடு என்று வந்தால், சில வாரக் குழந்தைக்கும் காது கேட்கும் கருவி பொருத்தலாம். காதுக்குப் பின்னால் அமரும் கருவி, காதுக்குள் பொருந்தும் மென்மையான அச்சு. காது வேகமாக வளர்வதால் முதல் ஆண்டில் அச்சை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். ‘கீ’ என்று விசில் கேட்டால் அச்சு தளர்ந்துவிட்டது என்று பொருள். பேட்டரி அறைக்குப் பூட்டு உள்ள கருவியாகக் கேட்டு வாங்குங்கள், பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்க வேண்டும். கருவியோடு வேலை முடிந்துவிடாது. கேட்கும் ஒலிக்குப் பொருள் கொடுக்கக் கற்றுத்தரும் பயிற்சி தேவை, அதில் பெரும்பங்கு உங்களுடையது. குறைபாடு மிகக் கடுமையாக இருந்து, கருவியால் போதிய பலன் இல்லையென்றால் ஏறத்தாழ ஒரு வயதில், சிலருக்கு 9 மாதத்திலேயே, காக்ளியர் இம்ப்ளான்ட் செய்யப்படுகிறது. சைகைமொழி கற்றால் பேச்சு வராது என்று சிலர் அச்சுறுத்துவார்கள். அதை நம்பாதீர்கள். குழந்தைக்கு ஏதாவது ஒரு மொழி முழுமையாக, தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும் என்பதே என் நிலை.

உங்கள் காய்ச்சல் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். கர்ப்ப காலத்தில் வரும் பெரும்பாலான காய்ச்சல்கள் குழந்தையின் காதைத் தொடுவதில்லை. ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ் போன்ற சில தொற்றுகள்தான் பாதிக்கும். சைட்டோமெகலோ வைரஸ் தாய்க்கு எந்த அறிகுறியும் காட்டாமலேயே வந்து போய்விடும், தாய் நினைத்திருந்தாலும் அறிந்திருக்க முடியாது. அது பிறவியிலேயே இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல, பிறந்த 21 நாட்களுக்குள் குழந்தையின் சிறுநீரையோ உமிழ்நீரையோ சோதிக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்துளி அட்டையை மருத்துவமனை பாதுகாத்து வைத்திருந்தால் அதிலிருந்து சில நேரம் அறியலாம், கேட்டுப் பாருங்கள். இதைப் படிக்கும் மற்ற பெற்றோர், முதற்கட்டச் சோதனையில் ‘ரெஃபர்’ வந்தால் அந்த 21 நாட்களுக்குள்ளேயே மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். பிறவிக் கேட்புக் குறைபாட்டில் பாதிக்கும் மேல் மரபணுவால் வருவது. தாயும் தந்தையும் நன்றாகக் கேட்பவர்களாகவே இருப்பார்கள். ஒரே மரபணுவில் இருவரிடமும் உறங்கிக்கிடந்த மாற்றங்கள் குழந்தையிடம் சேர்ந்துவிடும். காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்களே. நீங்கள் செய்த எதுவும் இதற்குக் காரணமில்லை.

சோதனை நாள் வரும்வரை குழந்தையிடம் பேசிக்கொண்டே இருங்கள். மார்போடு அணைத்து, முகத்துக்கு நேரே முகம் வைத்து, அவன் கண் உங்கள் வாயைப் பார்க்கும்படி பேசுங்கள், பாடுங்கள். எந்த முடிவு வந்தாலும் இது வீண்போகாது.

முடிவு முழுக்க நன்றாக வந்தாலும் கோப்பை மூடிவிடாதீர்கள். தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைக்குக் குறைபாடு பின்னாலும் தலைகாட்டலாம். 9 மாதம் ஆவதற்குள் இன்னொரு முறை சோதித்துவிடுங்கள். அதற்கு முன்பே குரல் கொடுப்பது குறைந்தாலோ, அசைகளை அடுக்கிப் பேசத் தொடங்காவிட்டாலோ, உங்கள் மனதுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டாலோ உடனே போங்கள். தாயின் சந்தேகம் ஒன்றே சோதனை கேட்கப் போதுமான காரணம்.

மூத்தவளைப் பொறுத்தவரை, தம்பிக்கு நிரந்தரக் குறைபாடு உறுதியானால் அவளையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். 4 வயதில் அது விளையாட்டுதான்: ஹெட்போனில் ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையைப் பெட்டியில் போடச் சொல்வார்கள். அவள் தொலைக்காட்சியை அதிகச் சத்தத்தில் வைக்கிறாள், அடிக்கடி ‘என்ன?’ என்று கேட்கிறாள், பேச்சில் சில ஒலிகள் தெளிவாக வரவில்லை என்றால் தம்பியின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அவனுக்கு நாள் வாங்கும்போதே அவளுக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.